ஐயம் விற்ற வணிகம்

ஐயமே அறிவுக்கு வாயில். ஐயுறாதவன் வினவான், வினவாதவன் கல்லான். ஆதலினாலே, ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் ஐயங் கேட்கும் மாணவனை விரும்புகின்றோம். எதற்கும் தலையசைப்பவனைக் கண்டு கவலையுறுகின்றோம். ஆயினும் ஐயத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அது தெளிவை நாடிப் புறப்படுவது; தெளிவு பிறந்தவிடத்துத் தானே நீங்குவது. எத்தனை சான்று காட்டினும் நீங்க மறுப்பது ஐயமன்று. பிறிதொரு பயன் கருதி வளர்க்கப்படும் சரக்கு அது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சிகரெட்டுக் கொம்பனிகள் அத்தகைய சரக்கைப் பெருஞ் செலவில் உண்டாக்கி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உலகெங்கும் பரப்பின. அவ்வரலாறு இன்று அவற்றின் சொந்தக் கடிதங்களிலிருந்தே வெளியாகியுள்ளது. அதனைச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றிற் புகுமுன் ஒரு சிறிய முன்னுரை வேண்டும். தருக்கம் பயின்றோர் யாவரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. தொலைவிலுள்ள மலையிற் புகை எழுகின்றது. தீயை நாம் காணவில்லை. எனினும், அடுக்களையிற் புகையும் தீயும் கூடியிருக்கக் கண்ட அறிவினால், மலையிலும் தீ உண்டு எனத் துணிகின்றோம். கண்டறிவது காண்டலளவை, கண்டதைக் கொண்டு காணாததை அறிவது கருதலளவை. மணிமேகலையும் இவ்வளவைகளை விரித்துப் பேசும். உலோகாயதர் கருதலளவையை ஒப்புக்கொள்ளார். கண்ணாற் கண்டதே உண்மை என்பர். சிகரெட்டுக் கொம்பனிகளின் வாதம் உலோகாயதர் வாதத்தை ஒத்தது. ஆனால் உலோகாயதருக்குத் தம் கொள்கையிலே நம்பிக்கை இருந்தது. இவர்களுக்கோ அதுவும் இருக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆராய்ச்சி கண்ட உண்மை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சுவாசப்பைப் புற்றுநோய் அரிதாகக் காணப்பட்ட நோய். இயந்திரத்தாற் செய்யப்பட்ட சிகரெட்டு மலிந்து, இரு பெரும் போர்களிலும் போர்வீரரிடையே பரவிய பின்னர், அந்நோயால் இறப்போர் தொகை ஆண்டுதோறும் ஏறியது. காரணம் யாது? மோட்டார் வண்டிகளின் புகையா, தெருக்களுக்கு இடும் தாரா, சிகரெட்டா? வைத்தியர்கள் ஐயுற்றனர். இது நேர்மையான ஐயம். இவ்வாராய்ச்சியிற் பெரும் புகழ் பெற்ற ரிச்சார்ட் டோல் என்பவரே தொடக்கத்திற் குற்றவாளி தெருத்தாராகத்தான் இருக்கும் என எண்ணியவர்.

டோலும், புள்ளிவிவரப் பேராசிரியரான பிராட்போட் ஹில்லும் இலண்டன் நகரத்து வைத்தியசாலைகளிற் சுவாசப்பைப் புற்றுநோயாளர் 709 பேரைத் தெரிந்தெடுத்தனர். ஒவ்வொருவருக்கும் இணையாக, அதே பாலும் ஒத்த வயதுமுடைய வேறு நோயாளர் ஒருவரையும் எடுத்து, இரு திறத்தாரிடத்தும் ஒரே வினாக்களைக் கேட்டனர். 1950 இல் வெளிவந்த முடிவு இது: புற்றுநோயுற்ற ஆடவர் 649 பேரிற் புகையாதவர் இருவர் மாத்திரமே, வேறு நோயுற்ற 649 பேரிற் புகையாதவர் 27 பேர். அன்றியும், புகைக்கும் அளவு ஏற ஏற நோயும் ஏறக் காணப்பட்டது. ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே டோல் தமது சிகரெட்டுப் பழக்கத்தை விட்டொழித்தார்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் ஏர்ன்ஸ்ற் வைன்டர் என்னும் இளைஞரும், எவாற்ஸ் கிரஹம் என்னும் பேர்பெற்ற சத்திரவைத்தியரும் இதே முடிவை வெளியிட்டனர். புற்றுநோயுற்ற சுவாசப்பை ஒன்றை முழுதும் அகற்றி நோயாளியைப் பிழைக்கச் செய்து 1933 இற் புகழீட்டியவர் கிரஹம். அவரும் நெடுங்காலம் சிகரெட்டுப் புகைத்தவர். தம் ஆராய்ச்சியின் பின்னரே அதனை விட்டார். 1957 இல் அவரைக் கொண்டுபோனதும் அந்நோயே.

இவை கருதலளவையால் வந்த முடிவுகள். காண்டலளவையும் விரைவிலே வந்து சேர்ந்தது. 1953 ஆம் ஆண்டின் இறுதியில் வைன்டரும் கிரஹமும் தம் குழுவினரோடு சிகரெட்டுப் புகையிலிருந்து எடுத்த தாரை எலிகளின் முதுகிற் பூசி வந்தனர் எனவும், அவ்வெலிகளில் 44 சதவீதத்துக்குப் புற்றுநோய் உண்டாயிற்று எனவும் அறிவித்தனர். புதினத்தாள்கள் அச்செய்தியைப் பெரிதாக வெளியிட்டன. கொம்பனிகளின் பங்குகள் விலை வீழ்ந்தன.

பிளாசா ஹோட்டலில்

1953 டிசெம்பர் நடுவில், நியூயோர்க் நகரத்துப் பிளாசா ஹோட்டலில், நாள்தோறும் ஒன்றோடொன்று போட்டியிட்டு வந்த சிகரெட்டுக் கொம்பனிகளின் தலைவர்கள் ஒரே மேசையைச் சூழ்ந்திருந்தனர். அவர்களுக்கு ஆலோசனை கூற அழைக்கப்பட்டவர் ஜோன் ஹில் என்னும் விளம்பர நிபுணர். பெயரொற்றுமை கொண்டு இவரை முற்கூறிய பேராசிரியராக மயங்கற்க. விஞ்ஞானத்தை வெளிப்படையாக எதிர்த்து நின்றால் மக்கள் நம்பார். ஆதலால் நீங்களே விஞ்ஞானத்தின் புரவலராகுங்கள் என்பது அவர் கூறிய வழியின் சாரம். இக்கூரிய யோசனையே பின்வந்த அரைநூற்றாண்டின் போக்கைத் தீர்மானித்தது.

1954 ஜனவரி 4 ஆந் திகதி, அமெரிக்காவின் 400 க்கு மேற்பட்ட பத்திரிகைகளிற் சிகரெட்டுப் புகைப்போருக்கு ஒளிவுமறைவற்ற அறிக்கை என்னும் பொருள்படும் தலைப்பில் முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. எலிகளிற் செய்த பரிசோதனைகள் முடிவானவையல்ல. சிகரெட்டுத்தான் காரணம் என்பதற்கு நிரூபணம் இல்லை. தம் பொருள்கள் உடலுக்குத் தீங்கு விளைப்பன அல்ல எனத் தாம் நம்புவர். மக்களின் உடல்நலமே தமக்கு மற்றெல்லாவற்றினும் முதன்மையானது. அதன்பொருட்டு ஆராய்ச்சிச் சபை ஒன்றை நிறுவிப் பொருளுதவி செய்வர். இவையே அவ்வறிக்கையின் சாரம். உள்ளத்தைத் தொடும் சொற்கள். பொறுப்புணர்ச்சி ததும்பும் நடை. மாணவருக்குக் கட்டுரை கற்பிக்கும் நாம், சொல்வன்மை எதற்கெல்லாம் பயன்படும் என்பதற்கு இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ஆராய்ச்சிச் சபையும் நிறுவப்பட்டது. பல்கலைக்கழகத் தலைவராகவும் புற்றுநோய்ச் சங்க நிருவாகியாகவும் இருந்த கிளறன்ஸ் குக் லிற்றில் என்னும் பரம்பரையியல் அறிஞர் அதன் விஞ்ஞானத் தலைவரானார். சபை வழங்கிய பணத்திலே நல்ல ஆராய்ச்சிகளும் நடைபெற்றன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் அப்பணத்திற் பெரும்பகுதி, புகைத்தல் நோய் விளைக்குமா என்னும் வினாவை விட்டு விலகி, பரம்பரை, உடலமைப்பு முதலிய வேறு துறைகளிலே சென்றது. சில ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுப்பதா இல்லையா என்பதை விஞ்ஞானிகள் அல்லர், கொம்பனிகளின் சட்டத்தரணிகளே தீர்மானித்தனர். வழக்காடுபவர் தெரிந்தெடுக்கும் ஆராய்ச்சி எந்த முடிவை நாடும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இத்துடன் பத்திரிகாசிரியர்களிடத்தும் தூது சென்றது. விவாதம் என்றால் இரு பக்கமும் உண்டன்றோ? எங்கள் பக்கத்தையும் வெளியிடுவதன்றோ நடுநிலை? இவ்வாறு கேட்கப்பட்டபோது, நடுநிலையை உயிரெனப் போற்றிய பத்திரிகாசிரியர் பலர் இசைந்தனர். ஆயிரம் சான்று ஒரு பக்கமும், கூலி பெற்ற மறுப்பொன்று மறுபக்கமுமாக அச்சிடப்பட்டபோது, வாசகர் கண்ணுக்கு இரண்டும் சமனாகவே தோன்றின. துலாக்கோலின் நடுநிலை, இரு தட்டையும் ஒப்ப நிறுத்துவதன்று. உள்ள நிறையை உள்ளவாறு காட்டுவதேயாம்.

வாதமும் மறுப்பும்

கொம்பனிகள் எழுப்பிய மறுப்புக்கள் பலவாயினும் அவற்றின் உள்ளமைப்பு ஒன்றே. மனிதரிடத்தே எடுத்த புள்ளிவிவரத்தைக் காட்டினால், இது வெறுங் கணக்கு. பரிசோதனை எங்கே என்றனர். எலிகளிற் செய்த பரிசோதனையைக் காட்டினால், எலி மனிதனன்று என்றனர். கருதலைக் காட்டினாற் காண்டலைக் கேட்பதும், காண்டலைக் காட்டினால் அதனைத் தள்ளுவதும் இவர்தம் முறை. மனிதரைத் தெரிந்தெடுத்து வலிந்து முப்பது ஆண்டுகள் புகைப்பிக்கும் பரிசோதனையை எவரும் செய்யார், செய்தலும் ஆகாது. எனவே, கிடைக்கவியலாத சான்றையே கேட்டுக்கொண்டிருந்தால் வழக்கு ஒருநாளும் முடியாது என்பதை அவர்கள் நன்கறிவர்.

மறுத்தோர் யாவரும் சிறியோரல்லர். புள்ளிவிவர இயலின் தந்தையருள் ஒருவரெனத் தக்க றொனால்ட் பிஷர், புகைக்கும் விருப்பையும் புற்றுநோயையும் ஒருங்கே தரும் ஏதோ ஒரு பரம்பரைக் கூறு இருக்கலாமே என்று 1957, 1958 ஆம் ஆண்டுகளில் எழுதினார். அவர் பிரித்தானியப் புகையிலை உற்பத்தியாளரின் ஆலோசகராகவும் இருந்தார். எனினும் வாதத்தை வாதத்தாலேயே எடைபோடுதல் முறை. 1959 இல் ஜெறோம் கோண்பீல்ட் என்பவரும் அவர்தம் துணைவரும் அதற்கு விடை கூறினர். புகைப்போருக்கு நோய் வரும் வாய்ப்பு ஒன்பது மடங்கென்றால், அதனை முழுதும் விளக்கவல்ல மறைந்த கூறு ஒன்று, புகைப்போரிடத்தே குறைந்தது ஒன்பது மடங்கு மிகுதியாக இருத்தல் வேண்டும். அத்தகைய கூறெதனையும் எவரும் காட்டவில்லை. அன்றியும், புகைப்பதை விட்டவர்க்கு நோயின் அபாயம் குறைந்தது. பரம்பரைக் கூறே காரணமாயின், சிகரெட்டை எறிந்தவுடன் அக்கூறுமா உடலைவிட்டு எறியப்படும்?

டோலும் ஹில்லும் மற்றொரு வழியையும் மேற்கொண்டனர். 1951 இற் பிரித்தானிய வைத்தியர்களுக்கு வினாத்தாள் அனுப்பி, விடையளித்த 40,000 க்கு மேற்பட்டோரின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, பொறுமையோடு காத்திருந்தனர். இங்கே முதலிற் குறிக்கப்பட்டது பழக்கம். நோய் பின்னரே வந்தது. 1954 இல் வெளிவந்த முதலறிக்கை முன்னைய முடிவை உறுதிப்படுத்தியது. ஐம்பது ஆண்டு கழித்து, 2004 இல், டோலும் அவருடைய துணைவரும் வெளியிட்ட அறிக்கை இதனினும் தெளிவானது. பழக்கத்தை விடாதோர் சராசரியாகப் பத்து ஆண்டு வாழ்நாளை இழந்தனர். அறுபது வயதில் விட்டவர் மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர் ஒன்பது ஆண்டுகளையும், முப்பதில் விட்டவர் ஏறத்தாழப் பத்தையும் மீட்டுக்கொண்டனர்.

1962 இல் இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியும், 1964 ஜனவரி 11 ஆந் திகதி அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை வைத்தியர் லூதர் ரெறியும் தத்தம் அறிக்கைகளை வெளியிட்டனர். அமெரிக்க அறிக்கையை ஆக்கிய பத்துப் பேரும், இவ்விடயத்தில் முன்னர்ப் பகிரங்கமாகக் கருத்துத் தெரிவியாதவர்கள். அவர்தம் பெயர்களுக்கு ஆட்சேபம் கூறும் வாய்ப்புக் கொம்பனிகளுக்கும் அளிக்கப்பட்டிருந்தது. அத்தகைய சபையே ஆடவரின் சுவாசப்பைப் புற்றுநோய்க்குச் சிகரெட்டுக் காரணம் எனத் தீர்ப்பளித்தது. நேர்மையான ஐயம் அன்றே முடிந்திருத்தல் வேண்டும். முடியவில்லை.

அகமும் புறமும்

ஏன் முடியவில்லை என்பதற்கு விடை, பல ஆண்டுகள் பூட்டிய அறைகளில் இருந்தது. பிளாசா ஹோட்டற் கூட்டத்துக்குப் பத்து மாதம் முன்னரே, 1953 பெப்ருவரியில், ஆர். ஜே. றெனோல்ட்ஸ் கொம்பனியின் இரசாயனவியலாளர் குளோட் ரீக் வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து நோக்கி, நெடுங்காலம் மிகுதியாகப் புகைப்பதற்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டென்பதை அவை உறுதிப்படுத்துவதாகத் தம் மேலதிகாரிகளுக்கு எழுதியிருந்தார். 1963 இற் பிறவுண் அன்ட் வில்லியம்சன் கொம்பனியின் தலைமைச் சட்டத்தரணி அடிசன் யேமன், நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் பொருள் எனவும், அதனை விற்பதே தம் வணிகம் எனவும் குறித்தார். 1969 இல் அதே கொம்பனியில் எழுதப்பட்ட குறிப்பொன்று, ஐயமே தாம் உற்பத்தி செய்யும் பொருள் என்றும், மக்கள் மனத்திலுள்ள உண்மைகளோடு போட்டியிட அதுவே சிறந்த கருவி என்றும் கூறுகின்றது. 1972 இல் புகையிலை வணிகரின் பொதுநிலைய அதிகாரி ஒருவர், குற்றச்சாட்டை நேரே மறுக்காமல் அதனைப் பற்றி ஐயத்தை உண்டாக்குவதே ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தாம் கையாண்ட உபாயம் என எழுதிவைத்தார்.

இவற்றைப் படிக்கும்போது, கட்டுரைத் தொடக்கத்தில் உலோகாயதரைப் பற்றி நாம் கூறியது விளங்கும். உள்ளே தெளிவு, வெளியே ஐயம். தமக்கு இல்லாத ஐயத்தைப் பிறருக்கு விற்றனர்.

1981 இல் இவ்வரலாறு வேறோர் உருவிலே திரும்பி வந்தது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் தக்கேஷி ஹிராயாமா, புகையாத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, மிகுதியாகப் புகைக்கும் கணவரோடு வாழ்ந்தோரிடத்தே சுவாசப்பைப் புற்றுநோய் மிகுந்திருக்கக் கண்டார். புகைப்பவன் தன்னுயிருக்கு மாத்திரமன்றித் தன் வீட்டாருக்கும் தீங்கு செய்கின்றான் என்பது இதன் பொருள். உடனே பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் தோன்றின; அவருடைய கணக்குப் பிழையென்றன. ஆனால் அதே ஆண்டிற் கொம்பனி ஒன்றின் உள்ளே எழுதப்பட்ட குறிப்போ, தம் சார்பிலுள்ள விஞ்ஞானிகளே ஹிராயாமாவை நல்ல விஞ்ஞானி எனவும் அவர் முடிவு சரியெனவும் கருதுவதாகத் தெரிவிக்கின்றது.

1994 ஏப்ரில் 14 ஆந் திகதி, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்றின் முன்னிலையில் ஏழு கொம்பனிகளின் தலைவர்கள் வலக்கை உயர்த்திச் சத்தியஞ் செய்து, நிக்கொட்டின் அடிமைப்படுத்துவதாகத் தாம் கருதவில்லை என்று ஒருவர் பின் ஒருவராகக் கூறினர். யேமன் எழுதி அப்போது முப்பத்தோராண்டுகள் கழிந்திருந்தன. அடுத்த மாதமே, உள்ளிருந்த ஆவணங்கள் அடங்கிய பெட்டியொன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்ரான்ரன் கிளான்ற்ஸ் என்பவரிடம் வந்து சேர்ந்தது. பொய்ப் பெயரொன்றால் அனுப்பப்பட்டிருந்தது. பின்னர் வழக்குகள் பெருகின. 1998 நவம்பரில் 46 மாநிலங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, முற்கூறிய ஆராய்ச்சிச் சபையும் வணிகரின் பொதுநிலையமும் கலைக்கப்பட்டன. பூட்டிக் கிடந்த ஆவணங்கள் பல கோடிப் பக்கங்களாக இன்று யாவரும் படிக்கக் கிடக்கின்றன. 2006 ஓகஸ்ட் 17 ஆந் திகதி நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், 1,683 பக்கத் தீர்ப்பிலே, கொம்பனிகள் பல்லாண்டுகள் கூடிச் சதிசெய்து மக்களை ஏமாற்றின என முடிவு கூறினார். மேன்முறையீடுகள் முடிந்து, 2017 நவம்பரில், உண்மையைக் கூறும் திருத்த அறிக்கைகளை அக்கொம்பனிகள் தம் சொந்தச் செலவிலே பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட நேர்ந்தது. 1954 ஆம் ஆண்டு அறிக்கைக்கும் இதற்கும் இடையே கழிந்தவை அறுபத்துமூன்று ஆண்டுகள். அவ்விடைக்காலத்தில், இன்னும் நிரூபிக்கவில்லையாமே என்று மனந்தேறிப் புகைத்து மாண்டவர் எத்தனை பேர் என எண்ணிப் பார்ப்பார் யார்? புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கடல்கடந்த நாட்டுக் கதை இஃது என்று நம்மவர் கைகழுவ முடியாது. யாழ்ப்பாணத்தவராகிய நமக்குப் புகையிலை அந்நியப் பயிரன்று. ஒல்லாந்தர் காலத்திலேயே அது திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. துலா மிதித்து நீரிறைத்துக் கன்று வளர்த்து, இலை வெட்டிப் பாடம் போட்ட கமக்காரனின் வியர்வையால் நம்மூரிற் பல வீடுகள் எழுந்தன; பல பிள்ளைகள் படித்து வைத்தியராயினர், சட்டத்தரணிகளாயினர், ஆசிரியராயினர். இம்மலரை வாசிப்போருட் சிலரது பாடசாலைக் கட்டணமும் அவ்வழி வந்ததாகலாம். அக்கமக்காரனை நாம் பழிக்கவில்லை. சுருட்டும், வெற்றிலையோடு சப்பும் புகையிலையும் புற்றுநோய் விளைப்பன என்பதை அவன் அறிந்து மறைத்தவனல்லன். அறிந்து மறைத்தவர் வேறு. அறியாது விளைத்தவன் வேறு. ஆனால் இன்று நாம் அறிந்தவர்கள். அறிந்தபின் மௌனமாயிருத்தல் நமக்குப் பொருந்தாது.

நமது நாடு இவ்விடயத்திற் பின்தங்கி நிற்கவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை 2003 ஆம் ஆண்டிலேயே இலங்கை உறுதிப்படுத்தியது. 2006 இல் அதற்கெனச் சட்டமும் அதிகாரசபையும் உண்டாயின. 2015 முதல் சிகரெட்டுப் பெட்டியின் பரப்பில் 80 சதவீதத்தைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை நிரப்புகின்றது. அவ்வுலக உடன்படிக்கையில், பொதுச் சுகாதாரக் கொள்கைகளைப் புகையிலை வணிகரின் நலன்களிலிருந்து காத்தல் வேண்டும் என்று ஒரு பிரிவே உண்டு. மேற்கூறிய வரலாற்றின் பாடம் அது.

எனினும் சட்டத்தால் மாத்திரம் இது தீராது. ஐயத்தை விற்கும் முறை சிகரெட்டோடு முடிந்ததுமன்று. வேறு பொருள்களை விற்போரும் அதனைக் கற்றுக்கொண்டனர். ஆகவே, ஒருவர் கற்றோர் முடிபை மறுத்து ஐயங் கிளப்பும்போது, நம் பிள்ளைகள் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுதல் வேண்டும். இவ்வையத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்? எச்சான்று கிடைத்தால் இவர் தம் ஐயத்தை விடுவார்? வெளியே சொல்வதைத் தம் வீட்டினுள்ளும் இவர் சொல்வாரா? இவற்றுள் இரண்டாவதே தலையாயது. தெருத்தாரைக் காரணமென எண்ணிய டோல், சான்று கண்டவுடன் தம் எண்ணத்தையும் சிகரெட்டையும் ஒருங்கே விட்டார். அவரிடத்திருந்தது உண்மையான ஐயம். எந்தச் சான்றுக்கும் அசையாதவரிடத்து இருப்பது அதுவன்று.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் இன்னும் புகைப்போர் உளராயின், அவர்களுக்கு ஒரு சொல். நாற்பதில் விட்டாலும் ஒன்பது ஆண்டுகள் மீளும். அறுபதில் விட்டாலும் மூன்று ஆண்டுகள் மீளும். பேரப்பிள்ளையைக் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல மூன்று ஆண்டுகள் சிறியவையல்ல.